பாதி விலைச் சாப்பாடு: மீதி விலை யார் தலையில்?

புதுதில்லி: தலைநகரில் கன்னாட் பிளேஸ் முதல் அண்டை நகரான குருகிராமின் சைபர் ஹப் வரை, உணவகத்தில் நுழையும் வாடிக்கையாளர் பலர் இன்று உணவுப் பட்டியலை வாங்குவதற்கு முன்பே செல்பேசியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். என்ன சாப்பிடலாம் என்பது இரண்டாவது கேள்வி. எதற்குத் தள்ளுபடி என்பதே முதல் கேள்வி. 500 ரூபாய்க் கூப்பன் 250 ரூபாய்க்கு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், குறிப்பிட்ட வங்கி அட்டைக்குக் கூடுதல் கழிவு என்று சலுகைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக உணவகப் பரிசு அட்டையை அனுப்பும் வழக்கமும் பெருநகரங்களில் வேரூன்றிவிட்டது.

இந்தக் கூப்பன்களை வாங்குவது லாபந்தானா? குடும்பச் செலவு பற்றிய சிறிய கேள்வியாக இது தோன்றலாம். ஆனால் 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் இதே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் உச்ச நீதிமன்றம், இந்தியப் போட்டி ஆணையம், ரிசர்வ் வங்கி, சரக்கு மற்றும் சேவை வரிக் கவுன்சில் ஆகிய நான்கின் முன்னும் வந்து நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் ஒன்றுகூடிப் போராட்டத்தில் இறங்கவும் இதுவே காரணமாயிற்று.

தள்ளுபடி என்பது காற்றில் கரைந்து மறையும் தொகை அன்று. அதை எப்போதும் யாரோ ஒருவர் செலுத்துகிறார். அவர் யார் என்பதைக் கண்டறிந்துவிட்டால், கூப்பனை வாங்கலாமா, கூடாதா என்பதற்கும் ஏறக்குறைய விடை கிடைத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

முதலில் வாடிக்கையாளரின் பையைப் பார்ப்போம். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு 800 ரூபாய் செலவிடத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் மதிப்புள்ள கூப்பன் 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாதிக்குப் பாதி என்று மகிழ்ந்து வாங்கிவிடுகிறார்கள். அதன்பிறகே சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகள் கண்ணில் படுகின்றன. பில் தொகை குறைந்தது 1,500 ரூபாயாக இருக்க வேண்டும். குளிர்பானங்களுக்குக் கூப்பன் செல்லாது. வேறு எந்தச் சலுகையுடனும் சேர்க்க இயலாது.

800 ரூபாய்க்குச் சாப்பிட வந்தவர்கள் 1,500 ரூபாயை எட்டுவதற்காகத் தேவைக்கு மேல் வரவழைக்கிறார்கள். அந்தத் தொகை முழுமைக்கும் 5 விழுக்காடு வரி கணக்கிடப்பட்டால் 75 ரூபாய். சேவைக் கட்டணம் என்று 10 விழுக்காடு சேர்க்கப்பட்டால் மேலும் 150 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். இதில் கூப்பனுக்கு 500 ரூபாய் கழிந்து, கையிலிருந்து 1,225 ரூபாய் தர வேண்டும். கூப்பனுக்கு முன்பே கொடுத்த 250 ரூபாயையும் சேர்த்தால் செலவு 1,475 ரூபாய். கூப்பன் இல்லாமல் இதே சாப்பாடு 1,725 ரூபாய் என்பதால் மிச்சம் 250 ரூபாய், அதாவது ஏழில் ஒரு பங்கு. பாதி விலை என்று அறிவிக்கப்பட்ட சலுகை இவ்வாறு ஏழில் ஒன்றாகச் சுருங்குகிறது.

இதைவிட முக்கியமான கணக்கு மற்றொன்று உண்டு. கூப்பனே இல்லாமல் திட்டமிட்டபடி 800 ரூபாய்க்குச் சாப்பிட்டிருந்தால், இதே வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 920 ரூபாயில் முடிந்திருக்கும். கூப்பனால் அந்தக் குடும்பம் மிச்சப்படுத்தியதாக நினைப்பது 250 ரூபாய். உண்மையில் கூடுதலாகச் செலவிட்டது 555 ரூபாய். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். கூப்பன் செய்யும் முதல் வேலை அந்த அளவுகோலை நம் கையிலிருந்து பறிப்பதுதான்.

மேற்படிக் கணக்கில் சேர்ந்த 150 ரூபாய் சேவைக் கட்டணமும் கவனிக்கத்தக்கது. உணவகங்கள் இதனைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தார். உணவக அமைப்புகள் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன. ஆயினும் இதை அறிந்த வாடிக்கையாளர்கள் சிலரே. கூப்பனில் கிடைத்த சலுகையில் பாதிக்கு மேல், கேள்வி கேட்டால் நீக்கிவிடக்கூடிய ஒரு கட்டணத்தில் திரும்பப் போய்விடுகிறது.

காலி மேசையின் விலை

இனி உணவகத்தின் கல்லாப்பெட்டிக்கு வருவோம். உணவகத் தொழிலில் பொதுவாக விற்பனை விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிசி, காய்கறி, எண்ணெய், இறைச்சி போன்ற மூலப்பொருள்களுக்குப் போகிறது. மீதியில்தான் வாடகை, சம்பளம், எரிவாயு, மின்சாரம், கடன் தவணை ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். இவற்றையெல்லாம் கழித்த பின்னரே உரிமையாளருக்கு லாபம் என்று ஏதேனும் மிஞ்சும்.

400 ரூபாய் விலையுள்ள உணவு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று தரப்படுவதாகக் கொள்வோம். ஒரு தட்டுக்கு மூலப்பொருள் செலவு 140 ரூபாய் எனில், இரண்டு தட்டுகளுக்கு 280 ரூபாய். வரவு 400 ரூபாய். வாடகைக்கும் சம்பளத்துக்கும் மிஞ்சுவது 120 ரூபாய் மட்டுமே. சலுகை இல்லாதிருந்தால் மிஞ்சியிருக்க வேண்டியது 520 ரூபாய்.

அப்படியானால் எந்த உணவகமும் சலுகை தரக் கூடாதே என்று கேட்கலாம். அதற்கான விடை காலி மேசையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேசை காலியாகக் கிடந்தாலும் வாடகை ஓடுகிறது, சமையற்காரருக்குச் சம்பளம் ஓடுகிறது. அந்த நேரத்தில் கூப்பனுடன் ஒருவர் வந்தால் கிடைக்கும் 120 ரூபாய், வராமலிருந்தால் கிடைக்காத பணம். புறப்படப் போகும் பேருந்தின் காலி இருக்கையைக் குறைந்த கட்டணத்துக்குக் கொடுப்பது போன்ற வியாபார அறிவுதான் இது. ஆனால் அதே கூப்பன் சனிக்கிழமை இரவு, முழு விலை கொடுக்க மக்கள் வாயிலில் காத்திருக்கும்போது வந்தால், ஒவ்வொரு மேசையிலும் 400 ரூபாய் நட்டம்.

ஆகவே கூப்பன் தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. காலி மேசையை நிரப்பும் கூப்பன் இருவருக்கும் லாபம். நிரம்பிய மேசையில் வந்து உட்காரும் கூப்பனுக்கு யாரேனும் விலை கொடுத்தாக வேண்டும். உரிமையாளர் அதைத் தாமே ஏற்கலாம். உணவின் அளவைக் குறைத்தோ, பட்டியல் விலையை முன்கூட்டியே உயர்த்தியோ வாடிக்கையாளரிடமே வசூலிக்கலாம். அல்லது பரிமாறுபவரின் சம்பளத்தில் கைவைக்கலாம். தன் தரப்பைச் சொல்ல மேடை இல்லாதவர் இந்த மூன்றாமவர்தான்.

சிகாகோவிலிருந்து தில்லி வரை

இன்றைய கூப்பன் வியாபாரத்தின் வடிவம் அமெரிக்காவில் உருவானது. 2008 நவம்பரில் சிகாகோவில் தொடங்கப்பட்ட குரூப்பான் நிறுவனம் முதலில் விற்றதே ஓர் உணவகத்தின் பீட்சா சலுகையைத்தான். அதன் வழக்கமான முறை எளிமையானது. 1,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கான கூப்பன் 500 ரூபாய்க்கு விற்கப்படும் என்று நம் நாட்டுப் பணத்தில் வைத்துக்கொள்வோம். அந்த 500 ரூபாயில் ஏறக்குறைய பாதியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். உணவகத்துக்குக் கிடைப்பது 250 ரூபாய். மூலப்பொருள் செலவே 300 ரூபாயைத் தாண்டும் நிலையில், அடுப்பைப் பற்றவைக்கும்போதே நட்டம் தொடங்கிவிடுகிறது. வந்தவர் மீண்டும் முழு விலை கொடுத்து வருவார் என்ற நம்பிக்கைதான் அதை ஈடுசெய்ய வேண்டும்.

அந்த நம்பிக்கை எந்த அளவு பலித்தது? அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலாக்கியா 2010 இல், குரூப்பான் மூலம் சலுகை விற்ற 150 நிறுவனங்களை ஆராய்ந்தார். 66 விழுக்காட்டினர் லாபம் கண்டதாகவும் 32 விழுக்காட்டினர் நட்டப்பட்டதாகவும் தெரியவந்தது. மீண்டும் இத்தகைய சலுகையில் இறங்க மாட்டோம் என்று கூறியவர்கள் 40 விழுக்காட்டுக்கும் மேல். அழகு நிலையங்கள் நன்றாகவே தேறின, உணவகங்கள் பின்தங்கின. சலுகையின் வெற்றி தோல்வியோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக அவர் கண்ட காரணி, ஊழியர்களின் மனநிறைவு. கூட்டம் திடீரென்று பெருகி, வேலை இரட்டிப்பாகி, அன்பளிப்புக் காசும் குறைந்துபோனால் பரிமாறுபவரின் முகத்தில் மலர்ச்சி எங்கிருந்து வரும்? அந்த முகத்தைப் பார்த்த வாடிக்கையாளர் மறுமுறை ஏன் வருவார்?

இந்தியாவில் இந்த வியாபாரத்தின் தலைநகராக விளங்கியது தில்லிதான். இங்கே கூப்பன் புத்தகங்கள் விற்பதில் தொடங்கிய இளைஞர்கள் இருவர், 2010 பிப்ரவரியில் ஸ்நாப்டீல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உணவகம், அழகு நிலையம் முதலியவற்றின் அன்றாடத் தள்ளுபடிகளே அதன் தொடக்கக்காலச் சரக்கு. இரண்டே ஆண்டுகளுக்குள் அந்நிறுவனம் கூப்பனைவிட்டு விலகி, பொருள்களை விற்கும் இணையச் சந்தையாக மாறியது. 2011 இல் சோசஸ்தா நிறுவனத்தை வாங்கி இந்தியாவுக்குள் நுழைந்த குரூப்பானின் இந்தியப் பிரிவும், 2015 இல் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து நியர்பை என்று பெயர் மாறியது. பின்னர் அது பேடிஎம் குழுமத்தின் கைக்குச் சென்றது.

இடையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அரசியல் ஆர்வலர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2013 செப்டம்பரில் வெங்காய விலை வானத்தைத் தொட்டு நின்றபோது, கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் என்று குரூப்பான் இந்தியா அறிவித்தது. மக்கள் முண்டியடித்ததில் அதன் இணையதளமே முடங்கியது. 1998 சட்டமன்றத் தேர்தலில் தில்லி அரசை வீழ்த்தியது வெங்காயம் என்று இன்றும் பேசப்படுகிறது. அப்படிப்பட்ட வெங்காயத்தைச் சில நாள்களுக்கு மலிவாக விற்ற அந்தத் தள்ளுபடியை நிறுவனம் தன் விளம்பரச் செலவாக ஏற்றது. சில நாள்களோடு அது முடிந்தும் போனது. நிறுவனம் தன் பணத்தில் தரும் சலுகையின் ஆயுள் பொதுவாக அவ்வளவுதான்.

விடுதலை நாளில் ஒரு வெளியேற்றம்

தள்ளுபடி யார் தலையில் என்ற கேள்வி நாடறிய வெடித்தது 2019 ஆகஸ்டில். சொமேட்டோ நிறுவனம் 2017 நவம்பரில் இந்தியாவில் தொடங்கிய கோல்டு திட்டத்தில், சந்தா கட்டிய உறுப்பினர் ஓர் உணவு வாங்கினால் ஓர் உணவு இலவசம், இரண்டு கோப்பை மது வாங்கினால் இரண்டு கோப்பை இலவசம். சந்தாப் பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்துக்கு. இலவச உணவின் செலவு விழுந்தது உணவகத்தின் தலையில். தொடக்கத்தில் சில உணவகங்கள், சில உறுப்பினர்கள் என்றிருந்த திட்டம் நாளடைவில் பெருகி, ஒரே மேசையில் பலரும் உறுப்பினர் என்ற நிலை வந்தபோது உணவகங்கள் விழித்துக்கொண்டன.

விடுதலை நாளையொட்டி குருகிராமில் தொடங்கிய வெளியேற்றப் போராட்டத்தை இந்திய தேசிய உணவகச் சங்கம் முன்னின்று நடத்தியது. சில நாள்களுக்குள் தில்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து விலகின. உறுப்பினர் ஒருவர் ஒரு நாளில் ஒருமுறை மட்டுமே சலுகை பெறலாம் என்பது போன்ற கட்டுப்பாடுகளை நிறுவனம் அறிவித்தது. அது போதாது என்றது சங்கம். பிற்காலத்தில் அத்திட்டம் பலமுறை உருமாறி, பழைய வடிவில் இல்லாமலே போயிற்று.

ஆனால் பிரச்சினை அத்துடன் ஓயவில்லை. உணவகச் சங்கத்தின் புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், சொமேட்டோ, சுவிக்கி ஆகிய இரு நிறுவனங்களின் சில நடைமுறைகள் குறித்து விரிவான விசாரணை நடத்துமாறு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. சில உணவகங்களுக்கு முன்னுரிமை தரப்படுகிறதா, விலை குறித்து உணவகங்களுக்கு நிபந்தனை விதிக்கப்படுகிறதா என்பவை அதில் முக்கியமானவை. அதற்கடுத்த மாதமே, மேசை முன்பதிவிலும் உணவகத் தள்ளுபடியிலும் பெயர் பெற்றிருந்த டைன்அவுட் நிறுவனத்தை வாங்குவதாக சுவிக்கி அறிவித்தது. பல கைகளில் இருந்த கூப்பன் வியாபாரம் இவ்வாறு மெல்ல மெல்லச் சில பெரிய கைகளுக்குள் வந்து சேர்ந்தது. தேர்ந்தெடுக்க வழியில்லாத சிறிய உணவகம், தள்ளுபடி தருவதைத் தன் விருப்பம் என்று சொல்ல முடியுமா என்பதே இன்று எஞ்சியிருக்கும் கேள்வி.

கருவூலம் தரும் தள்ளுபடி

எல்லாத் தள்ளுபடியும் உணவகத்தின் தலையில் விழுவதில்லை. அலுவலகங்கள் ஊழியர்களுக்குத் தரும் சாப்பாட்டுக் கூப்பன் இதற்கு எடுத்துக்காட்டு. சோடெக்சோ கூப்பன் என்று நெடுங்காலம் அறியப்பட்டு, பின்னர் புளூக்சி என்று பெயர் மாறிய வகை இது. சம்பளத்தின் ஒரு பகுதியைக் கூப்பனாகப் பெற்றால் அந்தப் பகுதிக்கு வருமான வரி இல்லை. இந்தச் சலுகையின் வரம்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வேளைக்கு 50 ரூபாய் என்றே நின்றிருந்தது. மாதம் 22 நாள், நாளுக்கு இரண்டு வேளை என்று கொண்டால் ஆண்டுக்கு 26,400 ரூபாய். 30 விழுக்காடு வரி வரம்பில் உள்ள ஒருவருக்கு, கூடுதல் தீர்வையும் சேர்த்து, 8,200 ரூபாய்க்கு மேல் மிச்சம். குறைந்தபட்ச பில் தொகை என்ற நிபந்தனை இல்லை, ஞாயிற்றுக்கிழமை செல்லாது என்ற பேச்சும் இல்லை. வாடிக்கையாளர் பார்வையில் இதுவே நேர்மையான கூப்பன்.

இங்கே தள்ளுபடியைச் செலுத்துவது அரசுக் கருவூலம். அதனால் இதன் மதிப்பும் அரசின் வரிக்கொள்கையோடு ஏறி இறங்குகிறது. 2020 பட்ஜெட்டில் புதிய வரி முறை அறிமுகமானது. அதைத் தேர்ந்தெடுப்போருக்குக் கூப்பனுக்கான இந்த விலக்கு கிடையாது என்று அதே ஆண்டு ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஆகவே எந்த வரி முறையில் இருக்கிறோம் என்று அலுவலகக் கணக்குப் பிரிவில் கேட்டு அறியாமல் இத்தகைய கூப்பனுக்கு ஒப்புக்கொள்வதில் பொருளில்லை.

இந்தக் கூப்பன்தான் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கூப்பன் என்பது ஒரு சரக்கு, ஆகவே அதற்கு உள்ளாட்சி வரி உண்டு என்ற வாதத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. 2015 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கூப்பன் தன்னளவில் விற்கப்படும் பொருள் அன்று, ஊழியர் உணவு பெறுவதற்கான ஒரு வழியே என்பது தீர்ப்பின் சாரம். வேறு சொற்களில் கூறினால், கூப்பனுக்கென்று தனி மதிப்பு இல்லை. அதன் மதிப்பு அதைக் கொடுத்துப் பெறும் சாப்பாட்டில்தான் இருக்கிறது.

கருவூலம் தரும் உணவுத் தள்ளுபடிக்குத் தலைநகரிலேயே நன்கறிந்த இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. நாடாளுமன்ற உணவகத்தில் உறுப்பினர்களுக்குக் கிடைத்த மலிவு விலைச் சாப்பாடு பல ஆண்டுகள் மக்களின் கேலிக்கும் கோபத்துக்கும் உள்ளாயிற்று. அந்த மானியம் நிறுத்தப்படுவதாக 2021 ஜனவரியில் மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா அறிவித்தார். தள்ளுபடியை யார் செலுத்துகிறார்கள் என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது, ஆகவே கேள்வி எழுந்தது. செல்பேசித் திரையில் மின்னும் தள்ளுபடியில் அது தெரிவதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

காலாவதியாகும் பணம்

கூப்பனையும் பரிசு அட்டையையும் வாங்கியவர்கள் அனைவரும் அவற்றைப் பயன்படுத்திவிடுவதில்லை. மேசை இழுப்பறையில் மறந்து கிடப்பவை, கடைசித் தேதி கடந்தவை, உணவகமே மூடப்பட்டதால் வெறுங்காகிதமானவை என்று ஒரு பகுதி எப்போதும் எஞ்சுகிறது. வாங்கியவர் கொடுத்த பணம் விற்றவரிடமே தங்கிவிடுகிறது.

இந்தப் பணத்துக்கு வரி உண்டா என்பது நெடுநாள் குழப்பமாக இருந்தது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய 55ஆவது சரக்கு மற்றும் சேவை வரிக் கவுன்சில் இதைத் தெளிவுபடுத்தியது. கூப்பன் பரிவர்த்தனை சரக்கு விற்பனையும் அன்று, சேவையும் அன்று. பயன்படுத்தப்படாமல் காலாவதியாகும் கூப்பனின் தொகைக்கும் இந்த வரி கிடையாது. வணிகர்களுக்குத் தெளிவு கிடைத்தது. பணத்தை இழந்த வாடிக்கையாளருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

அமெரிக்காவில் 2009 இல் இயற்றப்பட்ட கடன் அட்டைச் சட்டத்தின்படி, பரிசு அட்டைகளும் பரிசுச் சான்றுகளும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாக வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறைகள், முன்பணம் செலுத்திய அட்டைகளுக்குக் குறைந்தது ஓர் ஆண்டு காலம் என்று வரையறுத்தன. காலாவதியாவதற்கு முந்தைய 45 நாள்களில் வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டும், பரிசு அட்டையின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும் கூறின. ஆனால் ஓர் உணவகம் தன் சொந்தக் கல்லாவில் மட்டும் செல்லும்படி தானே வெளியிடும் கூப்பனுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. கடைசித் தேதியை உணவகமே நிர்ணயிக்கிறது. அந்த உணவகம் நாளை கதவடைத்தால், கூப்பன் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

இத்தகைய நிலையில் வாடிக்கையாளருக்குக் கைகொடுப்பது பொதுவான நுகர்வோர் சட்டமே. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல் 2022 ஜூனில் வெளியானது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, கட்டணத்தைக் கடைசி நேரத்தில் வெளிப்படுத்துவது, விலக முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பது உள்ளிட்ட 13 தந்திரங்கள் 2023 நவம்பரில் தடை செய்யப்பட்டன. இன்னும் பத்து நிமிடங்களில் சலுகை முடிகிறது என்று ஓடும் கடிகாரம் பொய்யாயின், அது இந்தத் தடைக்குள் வரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் 250 ரூபாய்க் கூப்பனுக்காகப் புகார் எழுத யார் முன்வருவார்கள்? ஒவ்வொருவரும் இழப்பது சிறு தொகை என்பதே இந்த வியாபாரத்தின் பாதுகாப்புக் கவசம்.

வாங்கலாமா?

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் விடை கடினமானது அன்று. கூப்பன் இல்லாவிட்டாலும் அந்த உணவகத்துக்குப் போயிருப்போமா, அதே தொகையைச் செலவிட்டிருப்போமா என்பதே முதல் உரைகல். இரண்டுக்கும் ஆம் என்றால் கூப்பன் லாபம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், மிச்சம் என்று நாம் நினைப்பது செலவின் மறுபெயர்.

கூப்பனுக்குக் கொடுத்த விலையையும் சேர்த்து, குறைந்தபட்ச பில் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள விழுக்காட்டை நம்பிப் பயனில்லை. கடைசித் தேதி ஓரிரு மாதங்களுக்குள் எனில், அந்தக் காலத்துக்குள் போவது உறுதியாக இருந்தால் மட்டுமே வாங்கலாம். பிறருக்குப் பரிசளிப்பதானால், ஒரே உணவகத்தில் செல்லும் கூப்பனைவிடப் பல இடங்களில் செல்லும் அட்டை பாதுகாப்பானது. அந்த அட்டையையும் முழு மதிப்புக்கே வாங்க வேண்டியிருந்தால், உறையில் வைத்துக் கொடுக்கும் பணத்துக்கு அது ஈடாகாது. பணத்துக்குக் கடைசித் தேதி கிடையாது.

கிழமையைப் பார்ப்பதும் நல்லது. வாரநாள்களில் மட்டும், பிற்பகலில் மட்டும் என்று உணவகமே வரையறுத்துத் தரும் சலுகையைப் பலர் குறையாகக் கருதுகிறார்கள். உண்மையில் அதுவே நம்பத்தக்க சலுகை. காலி மேசையை நிரப்பத் தரப்படுவது என்பதால் அதில் யாருக்கும் நட்டமில்லை. எல்லா நாளும், எல்லா நேரமும், எல்லாவற்றுக்கும் பாதி விலை என்றால், அந்த மீதிப் பாதியை யாரோ செலுத்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஒருவேளை அவர் நம் எதிரில் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு நகர்பவராகவும் இருக்கலாம். கூப்பனைக் காட்டிப் பில்லில் பாதியைக் கழித்த பின், அன்பளிப்பையும் பாதியாக்கிவிடாமல் முழு விலைச் சாப்பாட்டுக்கு உரியதையே அவர் கையில் கொடுப்பது, நம்மால் உடனே செய்ய முடிந்த ஒரு சிறு நியாயம்.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய காரியம் அன்று. கூப்பனுக்குக் குறைந்தபட்ச ஆயுளை நிர்ணயிப்பது, காலாவதியான கூப்பனுக்கு வாங்கியவர் கொடுத்த தொகையையேனும் திருப்பித் தரச் செய்வது, தள்ளுபடியில் உணவகத்தின் பங்கு எவ்வளவு, நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்று பில்லிலேயே அச்சிடச் செய்வது ஆகிய மூன்றும் போதும். நாடாளுமன்ற உணவகத்தின் மலிவு விலையை யார் சுமக்கிறார்கள் என்று தெரிந்தபோது மக்கள் கேள்வி கேட்டார்கள். தம் சாப்பாட்டின் மலிவு விலையை யார் சுமக்கிறார்கள் என்று தெரிந்தாலும் கேட்பார்கள்.